பதினைந்து கிலோ பாரம்

‘சஃபாரி’ என்னும் சுவாகிலி மொழிச் சொல்லுக்குப் ‘பயணம்’ என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து அம்மொழிக்கு வந்த சொல் அது. பயணம் என்றாலே மூட்டை முடிச்சும் உடன் வரும் அன்றோ! கென்யா நாட்டின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைக் கண்டு திரும்பிய நம்மிடம், “என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், சாமி?” என வினவும் அன்பர்கள் பலர். நாம் பட்ட பாட்டையே அவர்களுக்கு விடையாகத் தருகிறோம்.

புறப்படுமுன் தேவைப்படுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே அது செல்லுபடியாகும். பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். அச்சான்றிதழின்றிக் கென்யாவிலிருந்து திரும்புவோரை நம் நாட்டு அதிகாரிகள் 6 நாள் வரை தனித்து வைக்கக்கூடும். மலேரியா தடுப்பு மாத்திரைகளையும் மருத்துவரிடம் கேட்டுப் பயணத்திற்கு முன்பே தொடங்க வேண்டும்; திரும்பிய பின்னும் அவர் குறித்த நாள்வரை நிறுத்தலாகாது.

நம்முடன் குருமடத்தில் பயின்ற குரு ஒருவர் உடன் வந்தார். அவர் நீரிழிவு நோயாளி. இன்சுலின் மருந்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நைரோபியில் இறங்கியபோது நாம் வந்தோம், அப்பெட்டி வரவில்லை. அன்றிரவு அவர் முகம் வாடியதையும், நாம் செய்வதறியாது ஜெபமாலையைக் கையில் பிடித்து அமர்ந்திருந்ததையும் இன்றும் மறக்க இயலவில்லை. அங்கு மறைப்பணியாற்றும் நண்பர் ஒருவர் கன்னியர் நடத்தும் மருந்தகத்திற்கு நம்மை அழைத்துச் சென்றார். வயது முதிர்ந்த ஆப்பிரிக்கக் கன்னியர் ஒருவர், மருந்துச் சீட்டைப் பார்த்து, குளிர்ப்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுத்த பின்னரே நமக்கு உயிர் வந்தது. ஆகவே உயிர் காக்கும் மருந்தும், மருத்துவர் சீட்டும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தின் அடியறைக் குளிரில் இன்சுலின் உறைந்துபோகவும் கூடும்; உறைந்த மருந்து பயன் தராது.

பெட்டி மறுநாள் வந்து சேர்ந்தது. அடுத்த சோதனை வில்சன் விமான நிலையத்தில் காத்திருந்தது. மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோ மட்டுமே அனுமதி. அதுவும் வளைந்து கொடுக்கும் துணிப்பையாக இருத்தல் வேண்டும். நம்முடையதோ 27 கிலோ எடையுள்ள கெட்டிப் பெட்டி! நண்பரிடம் துணிப்பை ஒன்றை இரவல் வாங்கி, அவசர அவசரமாகப் பொருள்களைப் பிரித்தோம். “ஆப்பிரிக்காவில் குளிர் ஏது?” என்று எண்ணிக் கம்பளிச் சட்டையை விட்டுவிட்டு, மூன்று தடித்த நூல்களை எடுத்துக்கொண்டோம். அவற்றில் ஒரு பக்கமும் படிக்கவில்லை என்பது வேறு செய்தி.

மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளதே எனினும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் கிடக்கும் புல்வெளி. கதிரவன் எழுமுன், மேற்கூரை திறந்த வண்டியில் புறப்பட்டபோது பற்கள் தந்தியடித்தன. வண்டியோட்டியவர் மாசாய் இனத்து இளைஞர். தம் தோளிலிருந்த செந்நிறப் போர்வையை எடுத்து, ஒன்றும் பேசாமல் நம்மீது போர்த்திவிட்டார். ‘ஷூகா’ என்று அதற்குப் பெயர். அப்போர்வைக்குள் அமர்ந்தே அன்று சிங்கத்தையும், வில்டபீஸ்ட் மந்தைகளையும் கண்டோம். அம்மந்தைகள் செரெங்கெட்டியிலிருந்து ஜூலை முதல் அக்டோபர் வரை பெருந்திரளாக இங்கு வருகின்றன.

உடையைப் பொறுத்தவரை மண் நிறமும் மங்கிய பச்சையும் நலம். நம் வெண்ணிற அங்கி அரை மணியில் புழுதி நிறமாயிற்று. அதைத் திருப்பலிக்கென்று வைத்துக்கொள்ளலே தகும். கருநீலமும் கறுப்பும் செட்சி ஈயை ஈர்ப்பவை. இராணுவத்தினர் அணியும் புள்ளியுடையைக் குடிமக்கள் அணிய அங்குத் தடை உண்டு. மாலையில் கொசுவுக்கு அஞ்சி முழுக்கைச் சட்டை வேண்டும். அகன்ற தொப்பி, எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி, சதுர முளை மூன்றுடைய மின்செருகி ஆகியனவும் தேவை. 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால், துணிப் பைகளையே கொண்டு செல்க.

திரும்பும்போது எடுத்து வரத்தகாததும் ஒன்றுண்டு. யானைத் தந்தம் எவ்வடிவில் கிடைத்தாலும் தொடலாகாது. 2016 ஏப்ரல் 30 அன்று நைரோபி தேசியப் பூங்காவில் 105 டன் தந்தத்தைக் கென்ய அரசு தீயிட்டு எரித்தது. தந்தம் யானைக்கே உரியது, விற்பனைப் பொருளன்று என்பதை உலகுக்கு உணர்த்தவே அவ்வாறு செய்தது.

நம் ஆண்டவர் பன்னிருவரை அனுப்பியபோது, பயணத்திற்குப் பையும் பணமும் வேண்டாம் என்றார். இதை எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! 27 கிலோ பெட்டியை இழுத்துச் சென்ற நாம், இறுதியில் ஒரு கன்னியர் தந்த மருந்தாலும், ஓர் இளைஞர் தந்த போர்வையாலும் காக்கப்பட்டோம். மருந்தையும் கம்பளியையும் மறவாதீர்கள், அன்பர்களே. மீதி இடத்தைக் காலியாகவே விடுங்கள். பிறர் அன்பாய்த் தருவதை ஏற்றுக்கொள்ளவும் பையில் சிறிது இடம் வேண்டும்.