எடை போட்டு ஆள் கண்டுபிடிக்கிறது

என்னடா, பி.காம் படிக்கிற பய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி பத்தி எழுதுறானேன்னு பார்க்குறீங்களா? எல்லாம் என் தங்கச்சியால வந்தது. பிளஸ் டூ முடிச்சிட்டு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன்னு நிக்கிறா. "அதைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற? அண்ணன் மாதிரி காமர்ஸ் எடு"ன்னார் அப்பா. அவ என்னைப் பார்த்தா. நான் செல்போனைப் பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி கரண்ட் இல்லை. வில்லாபுரம் வீட்டு மொட்டைமாடியில அவளே ஆரம்பிச்சா. பீரோவுல வைக்கிற பாச்சா உருண்டை உருகாமலே காணாமப் போகுதே, எப்படி? அதோட மேற்பரப்புல இருந்து மூலக்கூறுகள் ஒவ்வொண்ணா கிளம்பிடுது. கிளம்புறது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எடை போட்டுத்தான். எலக்ட்ரானால அடிச்சு மின்னூட்டம் ஏத்தி, மின்புலத்துல பிரிச்சா, தண்ணீர் 18ல நிக்கும், கார்பன் டை ஆக்சைடு 44ல நிக்கும். திடப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கி, எந்த வெப்பநிலையில யார் வெளியே வர்றாங்கன்னு குறிச்சா, உள்ளே எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சிடும்.

மீத்தேன் எடை 16. ஆனா தண்ணீர் உடைஞ்சு வர்ற ஆக்சிஜனும் 16. ரெண்டு பார்ட்டி ஒரே தொகையை பேங்க்ல கட்டின மாதிரி! அதனால ஒரு ஹைட்ரஜனை இழந்த மீத்தேன் துண்டு விழுற 15ஐப் பார்க்கணுமாம். அட, இது எங்க பேங்க் ரெகன்சிலியேஷன் கணக்கேதான்.

நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் பிரதீப் குழு இந்த முறையையும் அகச்சிவப்பு நிறமாலையையும் வச்சு 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. காத்தைக் கிட்டத்தட்ட முழுசா வெளியேத்தின கலத்துக்குள்ள, ருத்தேனியம் உலோகத்து மேல தண்ணீரையும் மீத்தேனையும் பனிப்படலமா உறைய வச்சு, 30 கெல்வின்ல, அதாவது மைனஸ் 243 டிகிரியில, பல மணி நேரம் காத்திருந்தாங்க. தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைச்சிருச்சு. கார்பன் டை ஆக்சைடுக்கு 10 கெல்வின்லயே கூண்டு வந்தது. பூமியில ஆழ்கடல் மாதிரி அழுத்தம் அதிகமான இடத்துல உருவாகுற பொருள் இது. நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்குற வெறுமையிலயும் இருக்க முடியும்னு அதுல தெரிஞ்சது.

இதைச் சொல்லும்போது அவ குரல்ல இருந்த சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. பிளஸ் டூவுல எனக்கும் கெமிஸ்ட்ரிதான் பிடிக்கும். அன்னிக்கு எனக்காக யாரும் பேசலை. நானும் வாய் திறக்கலை.

மறுநாள் காலையில அப்பாகிட்ட பேசினேன். பேப்பரை மடிச்சு வச்சிட்டு, "அப்ளிகேஷன் வாங்கிட்டு வா, பார்ப்போம்"னார். இன்னும் சரின்னு சொல்லலை. ஆனா வேண்டாம்னும் சொல்லலை.