கால் தட்டுச் சோறு

ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. அதை நடந்தே எரிக்க ஒரு மணி நேரம் வேண்டும். எனக்கோ பத்து நிமிடத்தில் இடது கால் மரத்துப்போகும். முதுகில் ஸ்லிப் டிஸ்க். ஓட்டம், ஜிம் எதுவும் இப்போதைக்கு இல்லை. மிச்சமிருப்பது தட்டு மட்டும்தான்.

எங்கள் வீட்டுத் தட்டு தோட்டத்தில் உருவானது. பீடோங் பக்கம் தாத்தா இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், நிரை முழுக்க மரம் வெட்டி, காண்டா கம்பில் பால் வாளி சுமந்தவர். அந்த உடம்புக்கு மலையாய்க் குவித்த சோறும் பத்தாது. தோட்டத்தை விட்டு சுங்கை பட்டாணிக்கு வந்தோம். சோற்றின் அளவும் கூடவே வந்துவிட்டது. நான் கூலிம் தொழிற்சாலையில் நாளெல்லாம் கணினிமுன் உட்கார்ந்திருக்கிறேன்.

இது என் கதை மட்டுமல்ல. 2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். சுகாதார அமைச்சு சொல்லும் வழி ‘சூக்கு-சூக்கு செப்பாரோ’: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும்.

கணக்கு சுலபம். அம்மாதான் கஷ்டம். கரண்டியோடு நிற்பாங்க. “என்னய்யா, கோழிக்குஞ்சுக்கு வெச்ச மாதிரி?” லயத்து வீட்டில் பசியறிந்து வளர்ந்தவருக்கு, நிறைந்த தட்டுதான் பிள்ளையைக் கரைசேர்த்ததற்குச் சாட்சி. அதை எப்படி நகர்த்தி வைப்பது?

அதனால் ‘போதும்’ என்று நான் சொல்வதில்லை. “கீரை இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கம்மா” என்பேன்.

மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. வலி முழுக்கப் போகவில்லை. இருபது நிமிடம் நடக்கிறேன். அம்மா இப்போது சந்தையில் கீரைக்கட்டு இரண்டாக வாங்குகிறார்.