பிறர் வீட்டு நாய்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் எங்கள் பங்கில் வேளாங்கண்ணிப் பயணத்தைப் பற்றிய பேச்சே பேச்சு. 29-ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. குடும்பத்தோடு புறப்படுகிறவர்களுக்கு, வீட்டுச் சாவியை எவரிடம் ஒப்படைப்பது என்பதைவிட, நாயை எவரிடம் விடுவது என்பதே பெருங்கவலை. தோபித்து நூலில் தோபியாவோடு நாயும் பயணம் செல்கிறது. நம் பேருந்து நடத்துனர்கள் அந்நூலைப் படித்ததில்லை போலும்.

நாமக்கல்லில் அக்கவலையின் ஒரு பகுதி என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்றபின் உதவியாகத் தொடங்கினேன். இப்போது நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூலியும் பெறுகிறேன். "நாய்க்குச் சோறு போடவும் கூலியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வேலையில் எளிய பகுதியே சோறு போடுவதுதான்.

முதல் இரண்டு நாள்கள் கடினமானவை. வந்த நாய் வாயிற்கதவைப் பார்த்தபடியே படுத்திருக்கும். தெருவில் எந்த வண்டி ஒலித்தாலும் காது நிமிரும். தன் வீட்டு வண்டி அன்று என்று அறிந்ததும் தலை மீண்டும் தரையில் சாயும். தட்டிலுள்ள சோறு காய்ந்துபோகும். கெஞ்சுவதால் பயனில்லை. வீட்டார் உடுத்திய துவைக்காத துணி ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் பக்கத்தில் போட்டுவிட்டு, நான் சற்றுத் தள்ளி அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் காலித் தட்டைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! பத்தாம் நாள் அதன் வீட்டார் வந்து நிற்பார்கள். அது துள்ளி ஓடும். என்னைத் திரும்பியும் பாராது. அதுவே முறை என்று அறிவு சொல்லும். அன்றிரவு வீடு மட்டும் மிகப் பெரிதாகத் தோன்றும்.

வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயை நான் ஏற்பதில்லை. இதில் தாட்சண்யம் கூடாது. 1985-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி எங்கள் ஊரிலேயே இருப்பது பெருந்துணை.

சென்ற ஆண்டு, மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் தம் பதின்மூன்று வயது நாயை விட்டுச் சென்றார். நான்காம் நாள் அது தண்ணீரும் குடிக்கவில்லை. ஆட்டோவில் கொண்டு சென்றேன். சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன, இனி நாள் அதிகமில்லை என்றார் மருத்துவர். திருத்தலத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வதா என்று ஒரு மணி நேரம் தயங்கினேன். பிறகு தொலைபேசியில் சொன்னேன். "டீச்சர், நான் வரும்வரை உங்கள் கை அவன்மேல் இருக்கட்டும்" என்றார்.

அவர் இரவுப் பேருந்தில் வந்து இறங்குமுன், விடியற்காலையில், என் கையின் கீழேயே அதன் மூச்சு நின்றது.

வந்தவர் அழவில்லை. எவ்வளவு நேரமாயிற்று என்று மட்டும் கேட்டார். தாம் கொடுத்திருந்த பழைய துண்டிலேயே அதைச் சுற்றி, தம் கொல்லையில் வேப்பமரத்தடியில் புதைத்தார். மறுநாள் வந்து, ஐந்து நாள் கூலியைக் கணக்காக நீட்டினார். நான் மறுத்தேன்.

"வாங்கிக்கொள்ளுங்கள், டீச்சர். இல்லாவிட்டால், போக்கிடமற்ற நாயை எவரோ இரக்கப்பட்டு வைத்திருந்ததாக ஆகிவிடும்" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.