முப்பது கட்டம்

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அப்பா விட்டுப்போன நாற்பது பாட்டுக்கள் என்னை அந்த வம்பில் இழுத்துவிட்டன.

வீட்டில் பாடியவர்களையெல்லாம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார் அப்பா. பின்னாளில் அவற்றை எம்பி3 கோப்புகளாக மாற்றி, ஒவ்வொன்றிலும் பாடியது யார், எப்போது என்று குறிப்பும் தட்டி வைத்தார். இப்போது திறந்தால், மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் ஊர்ந்ததுபோல் இருக்கிறது.

மைத்துனர் மகனைக் குருவாகக் கொண்டேன்.

"சுலபம், மாமா. ஐடி3 என்று ஒரு முறை இருக்கிறது" என்றான்.

ஒரு முறையா! 1996-ல் வந்த முதல் முறையில் குறிப்பு பாட்டின் வாலில் 128 பைட்டில் இருக்கும். 1998-ல் வந்த இரண்டாவது முறையில் அது தலைக்கு ஏறிவிட்டது. அதிலும் 2.3, 2.4 என்று இரண்டு பங்காளிகள். ஒவ்வொரு குறிப்பின் நீளத்தையும் முன்னவர் பைட்டுக்கு எட்டு பிட் கணக்கில் எழுதுவார். பின்னவர் ஏழு பிட் கணக்கில். 127 வரை இருவர் கணக்கும் ஒன்றே, அதற்குமேல்தான் சண்டை. போதாக்குறைக்கு, 2.4 என்று பெயர் போட்டுக்கொண்டு 2.3-ன் கணக்கை எழுதும் மென்பொருளும் உண்டு. என் புரோகிராம் சின்னக் குறிப்புகளிடம் சாதுவாக இருந்துவிட்டு, பெரியதைக் கண்டதும் தடம் புரண்டது.

சங்கீத வகைக்கு முதல் முறையில் ஓர் எண் மட்டும். மூலப் பட்டியலில் 80 வகைகள். போல்காவுக்கு 75-ஆம் எண் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்துக்கும் தாலாட்டுக்கும் இடமில்லை.

அப்பா எழுதியது யூனிகோடு அல்ல, பழைய டிஸ்கி. எந்த எழுத்து முறை என்று சொல்லிவைக்க அந்த 128 பைட்டில் இடமே கிடையாது. நாங்களாகவே ஊகித்து மூன்று இரவுகள் போராடினோம். முப்பத்தொன்பது குறிப்புகள் தெளிந்தன. நாற்பதாவது இது:

"1978 தீபாவளி இரவில். பாடியது உன் அ"

அவ்வளவுதான். குறிப்புக்கு முப்பது பைட். முப்பதாவது கட்டத்தில் 'அ' விழுந்ததும் கதவு சாத்திக்கொண்டது. தலைப்பக்கம் தேடினோம், வெறும் பூஜ்யங்கள்.

அம்மாவா, அத்தையா? அது ஒரு தாலாட்டு. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கிறது. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. அவள் குரல் எனக்கு நினைவில்லை.

அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு. ஊருக்குப் போய், பாட்டை அவள் காதருகில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன.

"நல்லாப் பாடுறாளேடா! யாரு?" என்றாள்.

"நீங்கதானா, அத்தை?"

"நானா?" என்று சிரித்தாள். "இன்னொரு தரம் வை."

நாலு தரம் வைத்தேன். நாலு தரமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"அந்தக் கட்டத்தில் என்ன போடட்டும், மாமா? புது முறையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமே" என்றான் பையன்.

ஒரு சொல்லை முடிப்பது எனக்குப் பெரிய காரியமா? ஆனாலும், அப்பா நின்ற இடத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.