பெயர் செதுக்கி எடுத்த கல்

"அந்தக் கால ரோமில் சுதந்திரமாக இருந்த பெண்கள் என்றால் இவர்கள்தாம்" என்று அடித்துச் சொன்னார் அந்த உள்ளூர் அம்மாள். ரோமன் ஃபோரத்தில், வெஸ்டா என்ற அடுப்புத் தெய்வத்துக்குப் பணிசெய்த கன்னியர் வாழ்ந்த வீட்டின் முற்றம். தலையில்லாத சிலைகளுக்கு நடுவே நின்று வாதாடிக்கொண்டிருந்தோம். அவருடைய ஏழு வயதுப் பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வெஸ்டாவின் அணையா நெருப்பைக் காத்த ஆறு பேரும் தந்தையின் அதிகாரத்துக்குக் கட்டுப்படாதவர்கள். சொந்தமாக உயில் எழுதலாம். அவர்கள் தயாரித்த உப்பிட்ட மாவைத் தூவித்தான் அரசுப் பலிகள் நடந்தன.

ஜூன் மாதத்து வெஸ்டாலியா திருவிழாவை அவர் விவரித்தபோது நானும் மயங்கித்தான் போனேன். 9ஆம் தேதி மாவுத் திரிகை இழுக்கும் கழுதைகளுக்கு ஓய்வு. கழுத்தில் பூமாலை, அதோடு கோத்த ரொட்டி. குடும்பப் பெண்கள் வெறுங்காலோடு கோயிலுக்குப் போவார்கள். 15ஆம் தேதி கோயிலைப் பெருக்கிக் குப்பையை வெளியேற்றிய பிறகே நீதிமன்ற வேலைகள் தொடங்கும். ஒரு நகரமே துடைப்பத்துக்காகக் காத்திருந்திருக்கிறது!

ஆனால் அந்தப் பேத்தியைப் பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. ஆறு முதல் பத்து வயதுக்குள் இருக்கும் சிறுமியைத்தான் தலைமைப் பூசாரி கைப்பிடித்துக் கூட்டிப்போவார். கூந்தலை வெட்டி மரத்தில் தொங்கவிடுவார்கள். பிறகு முப்பது ஆண்டுப் பணி. நெருப்பு அணைந்தால் கசையடி. கன்னிமை தவறினாள் என்று தீர்ப்பானால், விளக்கும் கொஞ்சம் உணவும் வைத்த நிலவறையில் உயிரோடு மூடிவிடுவார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சட்டம் போட்டுத் தடுத்த மண்ணிலிருந்து போனவள் நான். குழந்தையைத் தெய்வத்துக்கு எழுதிக்கொடுப்பதற்கு எந்தச் சலுகையும் ஈடாகாது என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பீடத்தைக் காட்டினார். 364ஆம் ஆண்டு ஒரு தலைமைக் கன்னிக்கு வைத்தது. அவளுடைய கற்பையும் சமய ஞானத்தையும் புகழும் வரிகள் அப்படியே இருக்கின்றன. பெயரை மட்டும் முதலெழுத்தை விட்டுவிட்டுச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். அவள் கிறிஸ்தவ மதத்துக்கு மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பேரரசர் தியோடோசியஸ் ஆட்சியில் வெஸ்டாவின் நெருப்பும் அணைக்கப்பட்டது.

ஃபோரத்துக்குப் போகிறவர்கள் வெற்றி வளைவுகளோடு திரும்பிவிடாதீர்கள். இந்தக் கல்லைத் தேடிப் பாருங்கள்.