மேடேறும் வேளை

எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டி, வயலை விட்டுச் சாலைக்கு ஏறும் மேட்டில்தான் திணறும். சுமை முழுவதும் இருக்கும், வேகம் பிறந்திராது. ஏற இயலாவிட்டால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, பாரத்தைக் குறைத்து மீண்டும் முயலலாம். வானூர்திக்கும் இத்தகைய மேடு ஒன்று உண்டு. தரையை விட்டெழும் முதல் சில நொடிகளே அது. அங்கே நின்று மூச்சு வாங்க இடமில்லை.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், முற்பகல் 11 மணியளவு. பெங்களூரின் வடபுறத்திலுள்ள ஜக்கூர் என்னும் சிறிய வானூர்தித் தளத்திலிருந்து, ஒற்றைப் பொறி கொண்ட செஸ்னா 180 வகைச் சிற்றூர்தி நால்வருடன் எழுந்தது. அவர்களுள் ஒருவர் நடிகை சௌந்தர்யா. ‘அருணாசலம்’, ‘படையப்பா’ ஆகிய படங்களால் தமிழ் மக்கள் நன்கறிந்தவர். தாமே தயாரித்து நடித்த ‘துவீபா’ என்னும் கன்னடப் படத்தின் வழியே சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதை வென்றவர். அன்று தேர்தல் பரப்புரைக்காகத் தம் அண்ணனுடன் கரீம்நகருக்குப் புறப்பட்டிருந்தார். சிறிது உயரமே எழும்பிய ஊர்தி, ஒரு பக்கமாகத் திரும்பி, அருகிலிருந்த வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. வயலில் ஆய்வு செய்துகொண்டிருந்தோர் காப்பாற்ற ஓடினர். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

புறப்பாடு ஏன் இத்துணை இடர்மிக்கது? வானூர்தியைத் தாங்குவது பொறியன்று, இறக்கைகளின் மீது விரையும் காற்றே. பொறி அந்த விரைவைத் தருகிறது. விரைவு ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். உயரத்தில் இது நேர்ந்தால், மூக்கைத் தாழ்த்தி விரைவை மீட்கலாம். சில நூறு அடியில் அதற்குரிய உயரம் இராது. சாய்ந்து திரும்பும்போது இறக்கைக்கு மேலும் விரைவு தேவை. 60 பாகை சாய்வில் அது ஏறத்தாழ 1.4 மடங்காகும். கோடை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஊர்தி ஏறுவதும் மெதுவாகும்.

புறப்பட்டவுடன் பொறி நின்றுபோனால், ஓடுபாதைக்கே திரும்பிவிட மனம் துடிக்கும். தாழ்ந்த உயரத்தில் அத்திருப்பமே உயிரைக் குடிக்கும். எனவே மூக்கைத் தாழ்த்தி, பெரும்பாலும் நேராகவே சென்று, எதிர்ப்படும் வெற்றிடத்தில் இறங்குமாறு விமானிகள் பயிற்றுவிக்கப்படுகின்றனர். தலைக்கு மேலுள்ள வானமும் பின்னே விட்டுவந்த ஓடுபாதையும் பயன்படா என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி.

அந்த நொடியில் ஆராய்ந்து முடிவெடுக்க அவகாசம் கிட்டாது. ஆதலால் நல்ல விமானி ஓடுபாதையின் தொடக்கத்திலேயே, ‘பொறி நின்றால் என்ன செய்வேன்?’ என்று தமக்குத் தாமே உரைத்துக்கொள்கிறார். இவ்வளவு தொலைவுக்குள் விரைவு கூடாவிடில் நிறுத்துவது, எழுந்தபின் நின்றால் நேரே இறங்குவது என யாவும் சக்கரம் உருளும் முன்பே முடிவாகிவிடும். நூற்றுக்கு நூறு முறை பொறி ஒழுங்காகவே இயங்கினாலும், அடுத்த முறையும் அவர் அதனைச் சொல்லத் தவறுவதில்லை. அச்சத்தால் அன்று, தம்மை நம்பி ஏறியவர்களின் உயிர் தம் கையில் இருக்கிறது என்னும் பொறுப்பினால்.