ரீசெட் அழுத்தும் முன்...

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் 18 வருடங்களாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஒரு பட்டனை யோசிக்காமல் அழுத்தியதால், ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் நான்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினின் மோட்டாரை 'டிரைவ்' என்கிற பெட்டிதான் ஓட்டுகிறது. மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும். பல லிஃப்ட்கள் குலுங்காமல் கிளம்பி நிற்பதும் இதனால்தான். கோளாறு என்றால் மோட்டாரைத் தானே நிறுத்திவிட்டு, சின்னத் திரையில் ஒரு குறியைக் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி குறி மாறும். எங்கள் டிரைவில் 'ஓ.சி.' என்றால் அளவுக்கு மீறிய கரண்ட். 'ஓ.வி.' என்றால் கூடுதல் வோல்டேஜ். 'ஓ.எச்.' என்றால் அதிகச் சூடு.

ஒரு சித்திரை மாதம், இரண்டாவது ஷிஃப்டில் ஒரு மெஷின் அடிக்கடி நின்றது. ஒவ்வொரு முறையும் போய் ரீசெட் அழுத்திவிட்டு வந்தேன். மெஷின் நின்று ஓடினால் நூல்கள் அறுந்துவிடும். அந்த மெஷினைப் பார்க்கும் சைடர் பெண்தான் ஓடி ஓடி ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும்.

"இந்தப் பொண்ணு ஸ்டார்ட், ஸ்டாப்பை மாத்தி மாத்தி அழுத்துது. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடலாமா?" என்றார் சூப்பர்வைசர்.

"இருக்கலாம் சார்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

அந்தப் பெண் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, நிக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் திரை விட்டு விட்டு மின்னுது. நேத்தும் சொன்னேன்ல?"

சுருக்கென்றது. சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மின்னினால் அது அலாரம். 'ஆபத்து நெருங்குது, கவனி' என்று அர்த்தம். அப்போதும் மெஷின் ஓடும். கவனிக்காமல் விட்டால்தான் ஃபால்ட் ஆகி நிற்கும்.

அன்றுதான் டிரைவின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். கடைசி ஐந்து முறையும் 'ஓ.எச்.'! நின்ற நொடியில் ஓடிய கரண்டும் சரியான அளவில்தான் இருந்தது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்திருந்தால் 'ஓ.சி.' வந்திருக்கலாம். சட்டென்று நிறுத்தியிருந்தால், மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்; 'ஓ.வி.' வந்திருக்கலாம். இரண்டுமே இல்லை.

மெயினை அணைத்துவிட்டு 10 நிமிடம் காத்திருந்தேன். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 580 வோல்ட் வரை தங்கியிருக்கும். அவசரப்பட்டுக் கை வைத்தால் உயிர் போய்விடும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தால், சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் பஞ்சு, கம்பளி போலப் படிந்திருந்தது. குளிர்விக்கும் ஃபேன் சுற்றாமல் இறுகிக் கிடந்தது. சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்ள, அது என்னதான் செய்யும், பாவம்?

பஞ்சை எடுத்து, ஃபேனை மாற்றினேன். சூப்பர்வைசரைக் கூட்டி வந்து பதிவைக் காட்டினேன். "தப்பு என் மேலதான் சார். நான் பார்த்திருக்கணும்" என்று அந்தப் பெண்ணின் முன்னாலேயே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது குறியை எழுதி வைக்காமல் நான் ரீசெட் அழுத்துவதில்லை. ஷிஃப்ட் ஏறியதும் முதலில் மெஷின் ஓட்டுகிறவர்களிடம்தான் விசாரிக்கிறேன்.

மறுவாரம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, இன்னிக்கு மின்னவே இல்ல."